லோட்டஸ் செவன் என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை ஏன் உதிரிபாகங்களாக விற்றார்கள்? பிறகு வந்த மாடல்களில் என்ன மாறியது?

காரணம் வரிதான். அன்றைய பிரிட்டனில் முழுதாகக் கட்டிய புதுக் காருக்குக் கொள்முதல் வரி உண்டு. பாகங்களாக வாங்கி, கூலிக்கு ஆள் வைக்காமல் தானே பூட்டிக்கொண்டால் கிடையாது. பூட்டும் முறையை எழுதித் தரவும் கூடாது. அதனால் கழற்றும் முறையை அச்சிட்டுத் தந்தார்களாம். கடைசியிலிருந்து படித்துக்கொள்ள வேண்டியதுதான்!

1957இல் லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் கொண்டுவந்த செவனில் ஃபோர்டின் 1172 சிசி சைடு வால்வ் எஞ்சின், சுமார் 40 குதிரைத்திறன். சன்னமான இரும்புக் குழாய்ச் சட்டம்; அதில் ரிவெட் அடித்த அலுமினியத் தகடுகளும் சேர்ந்துதான் சேஸியை விறைப்பாக வைத்தன.

1960இல் வந்த சீரிஸ் 2வில் செலவைக் குறைக்கச் சில குழாய்களை எடுத்துவிட்டார்கள். பெரிய தலைவலி பின் ஆக்சில்தான். அது ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் சிறிய காருக்கானது. அதன் நடுவில் டிஃபரன்ஷியல் (எஞ்சின் சக்தியை இரண்டு பின் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி) இருக்கும். அந்த டிஃபரன்ஷியல் கூட்டின் அடியில், ரப்பர் புஷ் (ரப்பர் வளையம்) வைத்து, ஆக்சிலை இடத்தில் பிடித்துவைக்கும் ஏ வடிவச் சட்டத்தின் நுனியை மாட்டினார்கள். வளைவில் வரும் பக்கவாட்டு இழுப்பும், முடுக்கும்போது வரும் முறுக்கும் அந்த ஓர் இடத்தில் இறங்கின. எஞ்சின் சக்தி அதிகமாக ஆக டிஃபரன்ஷியல் கூடு நெளிந்து ஆயில் கசிந்தது. கசிந்த ஆயில் நேராகக் கீழே இருக்கும் புஷ்ஷை ஊறவைத்தது. புஷ் தளர்ந்தால் ஆக்சில் பக்கவாட்டில் ஆடும், வண்டியின் பின்பக்கம் தானாகத் திரும்புவதுபோல் இருக்கும்.

பழைய சீரிஸ் 2 வாங்குகிறவர் டிஃபரன்ஷியல் அடிப்பக்கத்தைத் துடைத்துவிட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டி, மறுபடி குனிந்து பார்க்க வேண்டும். ஈரம் இருந்தால் விரிசலையும் தேடுங்கள். கசிவை நிறுத்தாமல் புது புஷ் போடுவது வீண். கூட்டுக்குப் பட்டை வைத்து வெல்டிங் செய்து வலுவூட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அந்தத் திருத்தம் இருந்தால் நல்லதுதான், 'ஒரிஜினல் இல்லை' என்று தள்ளாதீர்கள்.

1968இல் சீரிஸ் 3 வந்தபோது ஃபோர்டின் உறுதியான ஆக்சில் வந்தது. 1970இன் சீரிஸ் 4க்கு ஃபைபர் உடல். பழைய வாடிக்கையாளர்களுக்கு அது ரசிக்கவில்லை. 1973 ஏப்ரலில் கொள்முதல் வரி போய் மதிப்புக் கூட்டு வரி வந்ததும் பாகங்களாக வாங்குவதில் இருந்த வரி லாபமும் போயிற்று. அதே ஆண்டு செவனைத் தயாரிக்கும் உரிமையை வாங்கிய கேட்டர்ஹாம் நிறுவனம், கொஞ்ச காலத்திலேயே சீரிஸ் 3 வடிவத்துக்குத் திரும்பியது. 1980களில் அவர்கள் டி டியான் அமைப்பை (பின் சக்கரங்கள் இரண்டையும் ஒரு தனிக் குழாயால் இணைப்பது) கொண்டுவந்து டிஃபரன்ஷியலைச் சேஸியிலேயே பூட்டினார்கள். ஏ சட்டம் அப்போதும் இருந்தது, ஆனால் அது பிடித்தது டி டியான் குழாயை. டிஃபரன்ஷியல் கூட்டுக்கு அந்த இழுப்பு இல்லை.