கருக்கலைப்புக்குக் கணவரின் கையெழுத்து சட்டப்படி கட்டாயமா?

கட்டாயம் இல்லை. 18 வயது நிறைந்த, மனநலம் பாதிக்கப்படாத பெண்ணுக்கு அவருடைய சம்மதமே போதும் என்று 1971-ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டமே சொல்கிறது. நீங்கள் கேட்பதைப் பார்த்தால், ஏதோ ஒரு மருத்துவமனையில் உங்களிடமும் அந்தக் கையெழுத்தைக் கேட்டிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

என்னிடம் 2019-இல் கேட்டார்கள். மூத்தவளுக்கு அப்போது 10 மாதம், பால் குடித்துக்கொண்டிருந்தாள். ஸ்கேனில் ஆறு வாரம் என்று வந்தது. இப்போது வேண்டாம் என்று மஸ்கட்டில் வேலையில் இருந்த கணவரும் நானும் தொலைபேசியில் பேசி முடிவெடுத்த பிறகுதான் அந்தத் தனியார் மருத்துவமனைக்குப் போனேன். அவர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும், இல்லையென்றால் மாமியாராவது வர வேண்டும் என்றார்கள். அத்தையிடம் சொல்லும் துணிவு எனக்கு அன்று இல்லை. கணவருக்கு விடுப்பு கிடைத்து வந்து சேர நான்கு வாரம் ஆனது. அப்போதைய விதிப்படி ஏழு வாரம் வரைதான் மாத்திரை கொடுக்கலாம். மாத்திரையோடு முடிந்திருக்க வேண்டியது, பத்தாவது வாரத்தில் மயக்க மருந்து, கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் டி அண்ட் சி என்று போனது. சம்மதத்துக்கான 'சி' படிவத்தை அன்றுதான் படித்தேன். இன்னாரின் மகள் அல்லது மனைவி என்று எழுத அதில் இடம் இருந்தது. அந்த இன்னார் கையெழுத்திட இடமே இல்லை.

கருவும் ஓர் உயிர்தானே என்று சிலர் கேட்பீர்கள். அந்த நான்கு வாரமும் அதை எண்ணித்தான் அழுதேன். ஆனால் உயிரை எண்ணி என்னைத் தடுத்திருந்தால் பத்தாவது வாரத்திலும் அவர்கள் மறுத்திருக்க வேண்டும்.

2022 செப்டம்பர் 29 அன்று நீதிபதி சந்திரசூட் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, மணமாகாத பெண்களும் 24 வாரம் வரை கருக்கலைப்பு செய்துகொள்ளலாம் என்று தீர்ப்பளித்தபோது, குடும்பத்தாரின் சம்மதம் போன்ற, சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் விதிக்கக் கூடாது என்றும் சொன்னது. விவாதமெல்லாம் முன்பகுதியைப் பற்றியே நடந்தது. என் போன்றவர்களுக்கு வேண்டியது பின்பகுதி. அடுத்த ஆண்டு அக்டோபரில், பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் கருவுற்றதே தெரியாமல் 26 வாரத்தில் உச்ச நீதிமன்றம் சென்ற இரண்டு குழந்தைகளின் தாய்க்கு, 24 வாரத்தைத் தாண்டிவிட்டது, கருவில் குறையோ தாயின் உயிருக்கு உடனடி ஆபத்தோ இல்லை என்று அனுமதி மறுக்கப்பட்டது. அந்தச் செய்தியை என்னால் ஒரே மூச்சில் படித்து முடிக்க முடியவில்லை.

மாத்திரைக்கான வரம்பு இப்போது ஒன்பது வாரம். உங்களுக்கு எத்தனை வாரம் என்று நீங்கள் எழுதவில்லை. கையெழுத்து கேட்டால் 'சி' படிவத்தைக் காட்டச் சொல்லுங்கள். அப்போதும் மறுத்தால் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.