நியூயார்க்கின் பழைய மதுக்கூடம் மெக்சோர்லிஸ்: குடிக்காதவர்கள் போய்ப் பார்க்கலாமா?

தங்கையோடு நியூயார்க் வருகிறீர்கள், இருவருக்கும் குடிப்பழக்கம் இல்லை, ஆனால் பழைய இடங்கள் பிடிக்கும். மெக்சோர்லிஸ் என்ற மதுக்கூடத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். பெண்கள் மட்டும் போகலாமா, போனால் பார்க்க என்ன இருக்கிறது என்பது கேள்வி.

தாராளமாகப் போகலாம். ஆனால் வார நாளில், மதியத்தில் போங்கள். சனிக்கிழமை இரவு போனால் அங்கே தெரிவது அடுத்தவர் முதுகு மட்டும்தான். மார்ச் 17, செயின்ட் பேட்ரிக் தினத்தன்று அந்தத் தெருப்பக்கமே போக வேண்டாம். காலையிலேயே வரிசை நிற்கும்.

நான் ஆற்றுக்கு அந்தப் பக்கம், நியூ ஜெர்சியில் இருப்பவள். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களைச் சுதந்திர தேவி சிலை, டைம்ஸ் சதுக்கம் எல்லாம் சுற்றிக் காட்டிய பிறகு, கொஞ்சம் வாசிக்கிற ஆளாக இருந்தால் இங்கேயும் கூட்டிப்போவேன். கடைசியாக வந்தது என் அத்தை. ஓய்வு பெறும்வரை நீதிமன்ற அலுவலகத்தில் வேலை பார்த்தவர். மதுக்கூடம் என்றதும் முகம் சுளித்தார். வெளியே வரும்போது அவரைக் கிளப்புவதுதான் பெரும்பாடாக இருந்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இடம் மன்ஹாட்டனின் ஈஸ்ட் வில்லேஜ், கிழக்கு 7-ஆம் தெரு, எண் 15. ஆஸ்டர் பிளேஸ் ரயில் நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடை. வழியில் கூப்பர் யூனியன் கல்லூரியின் பழுப்புக் கட்டடத்தைக் கவனியுங்கள், கதைக்கு அது தேவைப்படும். உள்ளே நுழைந்ததும் காலுக்கடியில் மரத்தூள். முன்னறையில் மதுமேடையும் பழைய இரும்புக் கணப்பும், பின்னறையில் பெயர்கள் கீறிய மேசைகளும் இருக்கும். சுவரில் ஒரு கையகலம்கூடக் காலியாக இல்லை: பழுத்துப்போன செய்தித்தாள், புகைப்படம், அறிவிப்பு, படகுப் போட்டிப் படம், என்னவோ எல்லாம். ஜான் ஸ்லோன் என்ற ஓவியர் இந்த மதுமேடையை 1912-இல் வரைந்தார். அந்த ஓவியம் இப்போது டெட்ராய்ட் கலைக்கூடத்தில் இருக்கிறது. அதைக் கைப்பேசியில் எடுத்து வைத்துக்கொண்டு அதே மூலையில் நின்று பாருங்கள், எவ்வளவு குறைவாக மாறியிருக்கிறது என்று தெரியும்.

மதுவில் கிடைப்பது ஏல் என்ற ஒரு வகை பீர் மட்டும். அதில் இரண்டே வகை, வெளிர் நிறம், கருநிறம். விஸ்கி, ஒயின் என்ற பேச்சே இல்லை. ஒன்று கேட்டால் இரண்டு சிறிய கண்ணாடிக் குவளைகள் வரும், பாதி நுரையோடு. அதுதான் அங்கே ஓர் ஆர்டர். ஏன் இரண்டு என்று கேட்டால் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். கருநிற ஏல்தான் எனக்குப் பிடிக்கும், லேசாக வறுத்த தானிய வாசனை இருக்கும். அத்தைக்குக் குளிர்பானம் கிடைத்தது. யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை. சைவம் என்றால் பாலாடைக்கட்டித் தட்டு கேளுங்கள்: செடார் துண்டுகள், பச்சை வெங்காய வளையங்கள், உப்பு பிஸ்கட். மேசையில் இருக்கும் கடுகுச் சாந்தை மட்டும் பார்த்துத் தொடுங்கள், மூக்கில் ஏறும். 2003-இலிருந்து நியூயார்க் மதுக்கூடங்களுக்குள் புகைபிடிக்கத் தடை இருப்பதால் புகைத் தொல்லை இல்லை.

சரி, வரலாற்றுக்கு வருவோம். இங்கேதான் நான் கொஞ்சம் வம்பு பேசப் போகிறேன். இந்த இடத்துக்கு இரண்டு வரலாறுகள் உண்டு. ஒன்று மதுக்கூடம் தானே சொல்லிக்கொள்வது. இன்னொன்று தாள்களில் இருப்பது. இரண்டும் பல இடங்களில் ஒத்துப்போகாது. எனக்கு அந்த ஒத்துப்போகாத இடங்கள்தான் சுவை.

முதலில் வாசலிலேயே இருக்கும் 1854. அயர்லாந்திலிருந்து வந்த ஜான் மெக்சோர்லி அந்த ஆண்டில் தொடங்கியதாகப் பலகை சொல்கிறது. நகரத்தின் பழைய பதிவுகளிலோ 1860, 1861 ஆண்டுகளில் அந்த இடம் காலி மனை. பெரிய வித்தியாசம் இல்லைதான். ஆனால் இதோடு இன்னொரு கதையும் சரிகிறது. 1860 பிப்ரவரி 27 அன்று ஆபிரகாம் லிங்கன் பக்கத்திலுள்ள அதே கூப்பர் யூனியனில் பேசினார். அவரை ஜனாதிபதி வேட்பாளர் ஆக்கியதில் அந்தப் பேச்சுக்குப் பெரிய பங்கு உண்டு. பேசி முடித்து இங்கே வந்து ஒரு குவளை குடித்துவிட்டுப் போனார் என்று உள்ளே சொல்வார்கள். காலி மனையில் நின்றா குடித்தார்? பணியாளரிடம் மட்டும் இதைக் கேட்காதீர்கள், அவர் பாவம்.

அடுத்தது மதுமேடைக்கு மேலே தொங்கும் எலும்புகள். கோழி, வான்கோழியின் நெஞ்சில் இருக்கும் கவட்டை எலும்பு. இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தால், பெரிய துண்டு யார் கையில் வருகிறதோ அவர் நினைத்தது நடக்கும் என்பது அங்குள்ள நம்பிக்கை. முதல் உலகப்போருக்குப் புறப்பட்ட வீரர்கள் மாட்டிவிட்டுப் போனவை, திரும்பி வந்தவர்கள் தங்களுடையதை எடுத்துக்கொண்டார்கள், மிச்சம் தொங்குபவை வராதவர்களுடையவை என்பது இப்போது எல்லோரும் சொல்லும் கதை. ஆனால் 1940-இல் நியூயார்க்கர் பத்திரிகையில் இந்த இடத்தைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதிய ஜோசப் மிட்செல், பண்டிகை விருந்துகளில் மிஞ்சிய வான்கோழி எலும்புகளைக் கிழவர் ஜான் மெக்சோர்லி தானே சேர்த்து மாட்டி வைத்தார் என்கிறார். எது சரியோ, தொட்டுவிடாதீர்கள். அவற்றில் பல்லாண்டுத் தூசி பாசி மாதிரி படிந்திருந்தது. சுகாதார ஆய்வாளர்கள் குறை சொன்னதால் 2011-இல் அப்போதைய உரிமையாளர் மேத்யூ மாஹர் வேறு யாரையும் விடாமல் தன் கையாலேயே துடைத்தார்.

மதுவிலக்குக் காலம் (1920 முதல் 1933 வரை) வேறு ரகம். சட்டப்படி அரை சதவீதத்துக்கும் குறைவான ஆல்கஹால் உள்ள பானத்தைத்தான் விற்கலாம். இவர்கள் அந்தப் பெயரில் விற்றது நிலவறையில் காய்ச்சிய நல்ல கெட்டியான ஏல். அரசியல்வாதிகளும் காவல்துறையினரும் வாடிக்கையாளர்களாக இருந்தால் யார் வந்து கதவைத் தட்டப்போகிறார்கள்! 1936-இல் கடையை வாங்கிய டேனியல் ஓ'கானல்கூடப் போலீஸ்காரராக இருந்தவர்தான்.

இனி அத்தையை உட்கார வைத்த கதை. இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை, தேதியோடு பதிவாகியிருக்கிறது. ஆனால் அங்கே போகும்போதெல்லாம் எனக்குச் சொல்லப்படும் கதைகளில் இது கடைசியாகத்தான் வரும். 1970 வரை இந்த மதுக்கூடத்துக்குள் பெண்களுக்கு அனுமதி இல்லை. ‘நல்ல ஏல், பச்சை வெங்காயம், பெண்கள் கிடையாது’ என்பதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அப்போது உரிமையாளரே ஒரு பெண். ஓ'கானல் 1939-இல் இறந்ததும் சொத்து மகள் டோரத்தி கிர்வனுக்கு வந்தது. பெண்களை உள்ளே விடும் வழக்கத்தைக் கொண்டுவர மாட்டேன் என்று அப்பாவிடம் அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அதனால் கடை திறந்திருக்கும் நேரத்தில் தன் சொந்தக் கடைக்குள்ளேயே வராமல் இருந்தார். கணக்கு வழக்கெல்லாம் கணவர் பார்த்துக்கொண்டார்.

1969 ஜனவரியில் ஃபெய்த் சைடன்பெர்க், கேரன் டிக்ரோ என்ற இருவர் வந்து உட்கார்ந்து ஏல் கேட்டார்கள், மறுக்கப்பட்டது. பெண்ணுரிமைக்காகப் போராடும் தேசியப் பெண்கள் அமைப்பைச் சேர்ந்தவர்கள் அவர்கள். நேராக ஃபெடரல் நீதிமன்றம் போனார்கள்.

“ஏம்மா, தனியார் கடைதானே? எந்தச் சட்டத்துல கேஸ் நின்னுச்சு?” என்று அத்தை கேட்டார். அதுதான் சரியான கேள்வி. அமெரிக்க அரசியலமைப்பின் 14-ஆவது திருத்தம் தரும் சமப் பாதுகாப்பு, அதாவது சட்டம் எல்லோரையும் சமமாக நடத்த வேண்டும் என்ற உரிமை, அரசுக்கு எதிராகத்தான் செல்லும், தனியாருக்கு எதிராக அல்ல. அப்படியென்றால் ஒரு மதுக்கூடத்தை அதில் எப்படி இழுப்பது? மது உரிமம் மாநிலம் கொடுப்பது, கடையை அடிக்கடி கட்டுப்படுத்துவதும் கண்காணிப்பதும் மாநிலம், எனவே இந்தப் பாகுபாட்டில் மாநிலத்துக்கும் கை இருக்கிறது என்று வாதம். 1970 ஜூன் 25 அன்று நீதிபதி வால்டர் மான்ஸ்ஃபீல்ட் அதை ஏற்றுக்கொண்டார். அத்தைக்கு ஒரே சந்தோஷம். “உரிமத்துல பிடிச்சாங்களா! கெட்டிக்காரிங்க” என்று சொல்லிவிட்டு இன்னொரு தட்டு பிஸ்கட் கேட்டார்.

பொது இடங்களில் பெண்களைத் தடுக்கக்கூடாது என்ற நகரச் சட்டமும் ஆகஸ்ட் 10 அன்று மேயர் ஜான் லிண்ட்சேயின் கையெழுத்தோடு வந்தது. அன்றே சில பெண்கள் உள்ளே போனார்கள். அதே தெருவில் தோல் செருப்பு தைத்துக்கொண்டிருந்த பார்பரா ஷாம் முதலில் வரவேற்கப்பட்டவர். தேசியப் பெண்கள் அமைப்பின் துணைத்தலைவர் லூசி கோமிசாருக்கு வரவேற்பு அப்படி இல்லை. உள்ளே இருந்த ஓர் ஆள் குவளை ஏலை அவர்மீது ஊற்றினான். டோரத்தி அன்றும் வரவில்லை. சட்டம் மாறினாலும் அப்பாவிடம் சொன்ன சொல் மாறாது என்று இருந்துவிட்டார். இதைக் கேட்டதும் அத்தை கொஞ்ச நேரம் யோசித்தார், “அதுவும் ஒரு நியாயந்தான்” என்றார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ரயில் ஏறும்வரை இருவரும் அதையே பேசிக்கொண்டு வந்தோம்.

உள்ளே விட்டார்களே தவிர, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை 1986-இல்தான் வந்தது. பதினாறு வருடம் எல்லோருக்கும் ஒன்றே. மதுமேடைக்குப் பின்னால் நின்று ஊற்றிக்கொடுக்கும் வேலையில் முதல் பெண் 1994-இல், மாஹரின் மகள் தெரேசா. நீங்கள் போகும்போது இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு அந்தச் சுவரைப் பாருங்கள். எத்தனை முகங்கள், அதில் எத்தனை பெண் முகங்கள் என்று தேடிப் பார்ப்பதே நல்ல பொழுதுபோக்கு.

நடைமுறைக்குச் சில விஷயங்கள். பாஸ்போர்ட்டோ வேறு அசல் அடையாள அட்டையோ கையில் இருக்கட்டும். இங்கே மது அருந்தும் வயது 21, தலை நரைத்தவர்களைக்கூடக் கேட்பார்கள். தங்கைக்கு 21 ஆகவில்லை என்றால் போகுமுன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். நான் போனபோது வங்கி அட்டை எடுத்துக்கொள்ளவில்லை, ரொக்கம்தான். அதனால் சில்லறை டாலர்கள் வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றிரண்டு டாலர் டிப்ஸ் வைப்பது இந்த ஊர் வழக்கம். மேசை பகிர்ந்துதான் உட்கார வேண்டியிருக்கும், பக்கத்தில் இருப்பவர் பேச்சுக் கொடுத்தால் பயப்பட வேண்டாம். பணியாளர்கள் கொஞ்சம் வெடுக்கென்று பேசுவார்கள், அதுவும் அங்கே மரபுதான். ‘ஒழுங்காக இரு, இல்லையேல் கிளம்பு’ என்ற பொருளில் பலகையே மாட்டியிருக்கிறார்கள். ஏற்கெனவே குடித்துவிட்டு வந்து அலம்பல் செய்பவர்களைத் தயங்காமல் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்பதால், பெண்கள் மட்டும் போவதற்கு இது எனக்கு நிம்மதியான இடமாகவே பட்டிருக்கிறது.

ஒரு மணி நேரம் போதும். வெளியே வந்தால் எதிரே உக்ரைனியத் தேவாலயம் தெரியும், அந்த வட்டாரமே ஒரு காலத்தில் உக்ரைனியர் குடியிருப்பு. பசி அடங்கவில்லை என்றால் இரண்டாவது அவென்யூவும் 9-ஆம் தெருவும் சேரும் முனையில், 1954-இலிருந்து நடக்கும் வெசெல்கா உணவகத்துக்குப் போய் உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டை (பியரோகி) கேளுங்கள். அங்கே அட்டை எடுத்துக்கொள்வார்கள்.