முதல் படத்தில் முறிவு தெரியவில்லை என்றால்?

கேள்வி: ஐயா, என் கணவர் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். 12 நாள்களுக்கு முன் வேலையில் வழுக்கி, உள்ளங்கையை ஊன்றி விழுந்தார். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்றார்கள். ஆனால் கட்டைவிரல் பக்கம் வலி குறையவே இல்லை. எண்ணெய் போட்டு உருவி விடலாம் என்கிறார் மாமியார். மறுபடியும் படம் எடுக்க வேண்டுமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: உருவ வேண்டாம் அம்மா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அவர் கட்டைவிரலை விரித்து நீட்டினால், அதன் அடியில் மணிக்கட்டை ஒட்டி ஒரு சிறு குழி விழும். அங்கே மெல்ல அழுத்திப் பாருங்கள். வலியில் கையை இழுத்துக்கொண்டால் மறுபடியும் படம் எடுத்தே ஆக வேண்டும். மணிக்கட்டின் 8 சிற்றெலும்புகளில் இப்படி விழும்போது அதிகம் முறிவது அந்தக் குழிக்குள் இருக்கும் படகெலும்புதான். முந்திரிப் பருப்பு போல வளைந்த எலும்பு. துண்டுகள் விலகாத மயிரிழை முறிவு முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். 10, 14 நாள்களில் முறிந்த ஓரம் சற்றுக் கரையும். அப்போது கோடு தெரியவரும். எனவே இந்த வாரமே போங்கள். கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்து வைத்தும் ஒரு படம் எடுப்பார்கள். வலிக்கும் இடத்தைப் பேனாவால் குறித்துக்கொண்டு போனால், படம் எடுப்பவருக்குப் பெரிய உதவி. நானும் அந்த வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்தான்.

அதிலும் தெரியாவிட்டால் ஈப்போ பெரிய மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எலும்புக்குள் ஊறும் நீரையே காட்டிவிடும்; முறிவு அதற்குத் தப்புவது அரிது. துண்டுகள் நகர்ந்திருக்கின்றனவா, திருகாணி போட வேண்டுமா என்று முடிவு செய்ய சி.டி. ஸ்கேன் உதவும்.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. இந்த எலும்புக்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்கமாக நுழைந்து பின்னோக்கி ஓடுகிறது. நடுவில் முறிந்தால் முழங்கைப் பக்கத் துண்டு இரத்தமின்றிச் செத்துப்போகலாம். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் அண்ணனுக்கு அதுதான் நடந்தது. சுளுக்கு என்று நம்பி 3 மாதம் உருவினோம். பிறகு எடுத்த படத்தில் எலும்பு இரண்டாகக் கிடந்தது. பால் வெட்டும் கத்தியை அவரால் அதன்பின் திருப்பவே முடியவில்லை. களை எடுக்க மாற்றினார்கள்; சம்பளம் குறைந்தது. எக்ஸ்ரே அறைக்கு நான் வேலைக்குப் போனதே அவரால்தான்.

மருத்துவர் பார்க்கும்வரை கட்டைவிரலும் அசையாதபடி கட்டு இருக்கட்டும். பழைய படத்தையும் எடுத்துச் செல்லுங்கள். வேலையில் விழுந்ததால் தோட்ட அலுவலகத்தில் சொல்லி, தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்கும் விண்ணப்பியுங்கள்.

மாமியாரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் அம்மாவும் அண்ணன் கையை மடியில் வைத்துக்கொண்டுதான் எண்ணெய் தடவினார்.