நார்வேயின் ஆஸ்லோவில் அரை நாள்தான் கிடைக்கும். ஹோல்மென்கோலன் ஸ்கீ தாவல் கோபுரமும் அருங்காட்சியகமும் பார்க்க வேண்டியவையா?

கட்டாயம் போங்கள். ஸ்கீ என்றால் பனியில் வழுக்கிப் போகக் காலில் மாட்டும் நீளப் பலகை; அதோடு உயரத்திலிருந்து சறுக்கிக் காற்றில் பாய்வதுதான் ஸ்கீ தாவல். ஒரே ஒரு வேண்டுகோள்: போனதும் லிஃப்டில் நேராக உச்சிக்கு ஏறிவிடாதீர்கள். நான் முதல் தடவை அப்படித்தான் செய்தேன். நல்ல காட்சி, நாலு படம், அவ்வளவுதான். அடுத்த தடவை அருங்காட்சியகத்தை முடித்துவிட்டு ஏறினேன். அப்போதுதான் அந்த இடம் மனதில் ஒட்டியது.

நகரத்திலிருந்து மெட்ரோவின் 1-ஆம் தடத்தில் ஏறினால் ஹோல்மென்கோலன் நிலையம் வந்துவிடும். அங்கிருந்து கொஞ்சம் மேடேறி நடக்க வேண்டும். 1973-இல் எண்ணெய் நெருக்கடியால் வார இறுதியில் கார் ஓட்டத் தடை இருந்தபோது, மன்னர் ஐந்தாம் ஓலாவ் ஸ்கீயோடு இந்தத் தடத்து ரயிலில்தான் ஏறி டிக்கெட்டுக்குக் காசு நீட்டினார். இளவரசராக இருந்தபோது 1922-இலும் 1923-இலும் இதே ஹோல்மென்கோலனில் போட்டியில் தாவியவர் அவர்.

அருங்காட்சியகம் கோபுரத்தின் அடியிலேயே இருக்கிறது. 1923-இல் திறந்தது, உலகிலேயே பழைய ஸ்கீ அருங்காட்சியகம் இதுதான். நான் வெகுநேரம் நின்றது ஒரு பழைய ஜோடி ஸ்கீயின் முன்னால். ஜோடி என்றாலும் இரண்டும் ஒன்றுபோல இருக்காது. ஒரு காலுக்கு நீளமான, வழவழப்பான பலகை, வழுக்கிப் போக. மறு காலுக்குக் குட்டையானது, அடியில் விலங்குத் தோல் ஒட்டியது, பனியை உந்தித் தள்ள. கையில் ஒரே ஒரு நீளக் கம்பு. பலகையில் கால் வைக்கும் இடம் தேய்ந்து குழிந்திருந்தது. வேட்டைக்கும் விறகுக்கும் போய் வந்த யாரோ ஒருவரின் கால் அது. ‘ஸ்கீ’ என்ற சொல்லுக்கே பழைய நார்டிக் மொழியில் பிளந்த மரத்துண்டு என்றுதான் பொருள்.

அப்புறம் துருவப் பயணங்கள். நார்வேயின் துருவப் பயணி நான்சென் 1888-இல் ஸ்கீயில் கிரீன்லாந்தைக் கடந்தார். இன்னொரு நார்வேக்காரரான அமுண்ட்சென் தலைமையில் ஐந்து பேர் குழு 1911 டிசம்பர் 14 அன்று தென்துருவத்தை எட்டியது. அந்த ஐவரில் ஒருவரான ஓலாவ் பியாலாண்ட் தச்சர். பயணத்துக்கு முன் பனிக்கடியில் தோண்டிய அறையில் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து சறுக்குவண்டிகளை இழைத்து இழைத்து எடையைக் குறைத்தவர். 1902-இல் ஹோல்மென்கோலன் போட்டியில் வென்றவரும் அவரே. எனக்கு அமுண்ட்சென்னைவிட இவர்மேல்தான் பிரியம்.

சரி, இப்போது மேலே ஏறுங்கள். லிஃப்ட் கோபுரத்தின் சாய்வோடு சாய்ந்தபடியே போகும். இப்போதுள்ள எஃகுக் கோபுரம் 2011 உலக ஸ்கீ போட்டிக்காக 2010-இல் கட்டி முடித்தது. ஒரு பக்கம் ஆஸ்லோ கடற்கழி, மறுபக்கம் காடு. ஆனால் நீங்கள் பார்க்க வேண்டியது கீழே. வீரர் ஒரு குறுக்குக் கட்டையில் உட்கார்ந்திருப்பார். கையை எடுத்ததும் இரண்டு பள்ளக் கோடுகளில் விர்ரென்று இறங்குவார். காற்றில் பாயும் முனையை எட்டும்போது வேகம் மணிக்குச் சுமார் 90 கிலோமீட்டர். அந்த முனை மேல்நோக்கி வளைந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை, அதுவும் கீழ்நோக்கிச் சாய்ந்ததுதான். உயரம் கொடுப்பது அந்த ஒரு நொடியில் காலை உந்தும் பலம் மட்டுமே.

1892-இல் இங்கே நடந்த முதல் போட்டியில் வென்ற தாவல் 21.5 மீட்டர். இன்று 140 மீட்டருக்கும் மேல் பறக்கிறார்கள். புதிய கோபுரத்தில் முதல் அதிகாரபூர்வத் தாவலைச் செய்தவர் ஒரு பெண், அனெத்தெ சாகென். பெண்களுக்கு ஒலிம்பிக்கில் ஸ்கீ தாவல் 2014-இல்தான் கிடைத்தது. அந்தக் கட்டை தெரியும் இடத்தில் நின்றபோது எனக்கு அவர் நினைவுதான் வந்தது.

கோடையில் போனாலும் ஒரு ஜாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள், உச்சியில் காற்று பலமாக அடிக்கும். அருங்காட்சியகத்துக்கு மட்டும் ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள்.