புதுப்பித்த கோல்ஃப் மைதானத்தில் ஆடுவது: கேள்வி பதில்

நம் பக்கத்து நண்பர்கள் பலர் உறுப்பினராக இருக்கும் தனியார் மைதானம் ஒன்றில் கிரீன்களும் (குழியும் கொடியும் இருக்கும், ஒட்ட வெட்டிய புல்தரை) பங்கர்களும் (மணல் நிரப்பிய பள்ளம்) புதிதாக அமைக்கப்பட்டுள்ளன. அது குறித்து வந்த கேள்விகளுக்கு, கிரீன் பராமரிப்பில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

அண்ணாச்சி, முன்பு கிரீனில் விழுந்த இடத்திலேயே நின்ற பந்து இப்போது பின்பக்கம் ஓடிவிடுகிறது. வேலை சரியாக நடக்கவில்லையா? (பாளையங்கோட்டை)

வேலை சரியாக நடந்ததற்கு அதுவே அடையாளம். பழைய கிரீனில் மட்கிய வேரும் தண்டும் பல ஆண்டுகளாகச் சேர்ந்து மெத்தை போலக் கிடந்து, விழும் பந்தின் வேகத்தை வாங்கிக்கொண்டன. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960இல் வெளியிட்ட முறைப்படி அமைக்கும் கிரீனிலோ ஏறத்தாழ 30 செ.மீ. மணல் கலவையும் அதன் கீழ் 10 செ.மீ. சரளையும் இருப்பதால், தண்ணீர் உடனே வடிந்து மேற்பரப்பு இறுகிவிடும். மேலே வளர்வது நம் வயல் வரப்பில் முளைக்கும் அருகம்புல்லையும் அதன் ஆப்பிரிக்க உறவுப் புல்லையும் இணைத்த கலப்பினம், 3 மி.மீ. உயரத்துக்கு வெட்டினாலும் தாங்கும், ஆனால் மெத்தை சேர ஓரிரு ஆண்டுகளாவது ஆகும். அதுவரை குழியில் நிற்கும் கொடியைக் குறிவைக்காமல், கிரீனுக்கு முன்பே பந்தை விழவைத்து உருளவிடுங்கள்.

பந்து விழுந்து கிரீனில் பதித்த குழியை அன்றே சரிசெய்யுங்கள். அதற்கான முள்கருவியால் அடிமண்ணை நெம்பித் தூக்கினால் வேர் அறுந்துவிடும். ஓரத்துப் புல்லை நடுவை நோக்கித் தள்ளி, மெல்ல அழுத்தினால் போதும்.

பந்து கிரீனில் நிற்கவில்லை. என்ன செய்வது? (தென்காசி)

முதல் பதிலைப் பாருங்கள்.

வெள்ளைக் கோடு போட்ட இடத்தில் பந்து கிடந்தால்? (வள்ளியூர்)

பழுதுபார்க்கும் இடமாக மைதானக் குழு அறிவித்திருந்தால், இடையூறு முழுவதும் நீங்கும் மிக அருகிலுள்ள இடத்திலிருந்து ஒரு மட்டை நீளத்துக்குள், கொடி நிற்கும் குழிக்கு நெருங்காமல், முழங்கால் உயரத்திலிருந்து பந்தை விடலாம்; அபராதம் இல்லை.

பங்கரில் புது மணல்; பந்து பாதி புதைகிறது. நம் தேரி மணலைப் போட்டிருக்கலாமே? (திசையன்விளை)

தேரி மணல், அதாவது நம் பக்கத்துச் செம்மணல் மேட்டு மணல், காற்றில் உருண்டு உருண்டு வழவழப்பானது. உருண்டை மணிகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளாது. தேரியில் நடந்தவருக்குக் கால் புதைவது தெரியும். பங்கருக்கு முனையுள்ள மணல்தான் வேண்டும். அதுவும் சில மழை கண்டு, பலமுறை வாரப்பட்ட பிறகே படியும். பங்கரில் புதைந்த பந்தை அபராதமின்றி எடுக்க முடியாது. மட்டை முகத்தைத் திறக்காமல் (வானைப் பார்க்கச் சாய்க்காமல்) செங்குத்தாக இறக்குங்கள். பந்து சுழலாமல் வெளியே வந்து நெடுந்தூரம் ஓடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஸ்காட்லாந்தில் மணல்மேட்டில்தானே இந்த ஆட்டம் வளர்ந்தது? தேரியை மட்டும் ஏன் குறைவாகச் சொல்கிறீர்கள்? (மீண்டும் திசையன்விளை)

நல்ல கேள்வி, நான் தேரியைத் தாழ்த்தவில்லை. அங்கே கடற்கரை மணல்மேடுகளில் ஆடுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த மணல் தானாகச் சரிவில் நிற்காததால்தான், பங்கரின் சுவரைப் புல்கட்டிகளை அடுக்கிக் கட்டுகிறார்கள். அப்படிக் கட்டிப் பராமரிக்க ஆள் இருந்தால் தேரி மணலும் உதவலாம். சாய்வான பங்கரில் முதல் மழைக்கே அடியில் வந்து சேரும்.

தாமிரபரணி மணல் இரண்டையும்விடச் சிறந்தது. (அம்பாசமுத்திரம்)

ஆற்று மணலை எடுத்துப் பங்கரை நிரப்பச் சொல்ல எனக்கு மனம் வராது. கல்லை உடைத்துச் சலித்த மணலுக்கு முனை உண்டு, அதுவே போதும். இத்துடன் மணல் விவாதத்தை நிறுத்திக்கொள்கிறேன்.

என் ஹேண்டிகேப் (ஆட்டத்திறனைக் காட்டும் எண்; கூடினால் திறன் குறைவு) ஏறிவிட்டது. (நாங்குநேரி)

மைதானத்தைப் பெரிதாக மாற்றினால் அதை மீண்டும் மதிப்பிட வேண்டும். ஹேண்டிகேப் கணக்கில் சேரும், மைதானத்தின் கடினத்தைக் காட்டும் ஸ்லோப் மதிப்பு 55 முதல் 155 வரை இருக்கும். சராசரிக்கு 113 என்று வைத்திருக்கிறார்கள். கிரீன் கடினமானபின் பழைய எண்ணை வைத்துக் கணக்கிடுவது உங்களுக்கு அநியாயம். புதிய மதிப்பீடு எப்போது நடக்கும் என்று செயலாளரிடம் எழுதிக் கேளுங்கள்.

எந்தப் பட்டர் (கிரீனில் பந்தை உருட்டும் மட்டை) வாங்கலாம்? (களக்காடு)

பயிற்சியாளரைக் கேளுங்கள், அது என் துறை அல்ல.

கிரீனில் பந்து நிற்க வழி உண்டா? (சங்கரன்கோவில்)

மூன்றாம் முறை கேட்கப்படுகிறது. முதல் பதிலை முழுதாகப் படியுங்கள், குழியை எப்படிச் சரிசெய்வது என்ற பகுதியையும் சேர்த்து. பிறர் விட்டுப்போன குழியையும் உங்கள் பந்து செல்லும் வழியில் சரிசெய்ய விதிகள் அனுமதிக்கின்றன; ஒரு சுற்றுக்கு நான்கைந்து குழிகளையாவது சரிசெய்துவிட்டு வாருங்கள்.