வீ யூ ஏன் நிலைக்கவில்லை? கேள்வி பதில்

அண்ணா, நிண்டெண்டோவின் கேம் கன்சோல் வீ யூ தோற்றதற்கு சக்தி குறைவுதானே காரணம்?

அது மட்டும் என்றால் அதற்கு முந்தைய வீ 10 கோடிக்கு மேல் விற்றிருக்காது, தம்பி. அதே காலத்து சோனி பிஎஸ்3 பக்கத்தில் வைத்தால் அதுவும் சக்தி குறைந்ததுதான். 2012 நவம்பரில் வந்த வீ யூ மொத்தமே சுமார் 1.35 கோடி. அடுத்த ஆண்டே சோனியின் பிஎஸ்4, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் ஒன் வந்தன: இரண்டிலும் 8 ஜிபி ரேம், பிசி வகை சிப். வீ யூவில் 2 ஜிபி, அதிலும் கேமுக்குக் கிடைப்பது 1 ஜிபி. சிப்பும் வேறு வகை. அதற்கென்று தனியாக உட்கார்ந்து கேமைச் சுருக்க வேண்டும், வாங்கவும் ஆள் குறைவு. எந்த வெளி நிறுவனம் செய்யும்?

தொடக்கத்தில் இஏ, யுபிசாஃப்ட் மாதிரி பெரிய கேம் நிறுவனங்கள் எல்லாம் இருந்தார்களே?

இருந்தார்கள். இஏவின் கால்பந்து கேம் ஃபிஃபா 13 வந்தது, 14 வரவில்லை. எனக்கு இன்னும் ஆறாதது யுபிசாஃப்டின் ரேமேன் லெஜண்ட்ஸ்தான். வீ யூவுக்கு மட்டும் என்று சொல்லி 2013 பிப்ரவரியில் வர வேண்டிய கேம். தள்ளிப்போட்டு, ஆகஸ்ட் கடைசியில் மற்ற கன்சோல்களோடு சேர்த்து விட்டார்கள். வீ யூவின் கண்ட்ரோலரான கேம்பேடில் இருக்கும் திரையில் விரலால் கயிற்றை அறுத்து நண்பனுக்கு வழிவிடுவோமே, அதுதான் அதன் உயிர். பிஎஸ்3-இல் அது வெறும் ஒரு பட்டன்.

சொந்த கேம்களை வைத்தே ஓட்ட முடியாதா?

மரியோ கார்ட் 8 மட்டும் 80 லட்சத்துக்கு மேல் விற்றது. கன்சோல் வைத்திருந்தவர்களில் பாதிக்கும் மேல்! ஆனால் அப்படி ஒன்றைச் செய்ய ஆண்டுக்கணக்கில் ஆகும். நடுவில் வரும் மாதங்களை நிரப்புவது வெளியார்தான். 2013 ஜனவரியில் நிண்டெண்டோவின் அப்போதைய தலைவர் இவாட்டாவே புது கேம் குறைவு என்று மன்னிப்புக் கேட்டார். நிறுவனம் தாக்குப்பிடித்தது, 3டிஎஸ் என்ற கையடக்க கன்சோல் அதனிடம் இருந்தது. வீ யூ தாக்குப்பிடிக்கவில்லை.

வீ யூவுக்கு அடுத்து வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச்சும் சக்தி குறைந்ததுதானே சார்?

ஆமாம், 4 ஜிபி ரேம்தான். ஆனால் கேம் உருவாக்கும் மென்பொருள்களான அன்ரியல், யூனிட்டி இரண்டும் அதில் சிரமமில்லாமல் ஓடின. சிறு ஸ்டுடியோக்கள் குவிந்தன. 2019-இல் விட்சர் 3 என்ற பெரிய கேமையே 32 ஜிபி கார்ட்டில் அடக்கிவிட்டார்கள். படம் மங்கல்தான். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்து விளையாடலாமே!

பழைய வீ யூ இப்போது வாங்கலாமா?

டிஸ்க் கேம்களுக்காக என்றால் சரி. நிண்டெண்டோவின் இணையக் கடையான ஈஷாப்பில் விற்பனை 2023 மார்ச்சில் நின்றது, ஆன்லைன் விளையாட்டு 2024 ஏப்ரலில். கேம்பேட் வேலை செய்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அது இல்லாமல் செட்டிங்ஸ்கூடத் திறக்காது.