அலுவலக அவுட்டிங் போனால் உண்மையிலேயே டீம் வொர்க் வருமா? உங்களுக்கு அப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

பெரும்பாலும் வராது. பதினான்கு வருட வேலையில் நான் போன அவுட்டிங்குகளில் கயிறு இழுத்திருக்கிறேன், கண்ணைக் கட்டிக்கொண்டு பானை உடைத்திருக்கிறேன், கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட் ஒன்றில் செய்தித்தாளைச் சுருட்டிக் கோபுரம் கட்டியிருக்கிறேன். திங்கட்கிழமை யாரும் மாறி வந்ததில்லை. மதிய பஃபே ஒத்துக்கொள்ளாமல் வராமல் போனவர்கள் உண்டு. ஒரே ஒரு தடவை எனக்கு ஏதோ பிடிபட்டது. அது ரோயிங், அதாவது துடுப்புப் படகு ஓட்டப் பழகப் போன அன்று.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கதை புரியாது. பாரிமுனைப் பக்கம் ஏற்றுமதிச் சரக்குகளைக் கையாளும் சின்ன நிறுவனம். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் வகையறாக்களை வாங்கிச் சரிபார்த்து அடுத்த மேஜைக்குத் தள்ளுவது நான். அடுத்த மேஜை அக்கா அவற்றை வைத்து, சுங்கத்துறைக்குக் கொடுக்கும் ஷிப்பிங் பில் தயார் செய்வார். ஒவ்வொரு கப்பலுக்கும் கட்-ஆஃப் என்று ஒரு நேரம் உண்டு. அதைத் தவறவிட்டால் அந்த கன்டெய்னர் அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். அதனால் எங்கள் அலுவலகத்தில் வேகம்தான் சாமி. அந்தச் சாமிக்கு நான்தான் பூசாரி என்று எனக்கு ஒரு நினைப்பு. பதினொரு மணிக்கெல்லாம் என் மேஜை காலியாக இருக்கும்.

சென்னையில் ரோயிங் புதிய சங்கதி இல்லை. மெட்ராஸ் போட் கிளப் 1867இல் தொடங்கியது; கொழும்புக்காரர்களோடு படகுப் போட்டி 1898இலிருந்து நடக்கிறது. நாங்கள் அந்தப் பரம்பரை எல்லாம் இல்லை. தெரிந்தவர் ஒருவர் ஏற்பாடு செய்து கொடுக்க, பொங்கல் கழிந்த ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அடையாற்றங்கரையில் போய் நின்றோம். ஆற்றின் வாசனையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. பத்து நிமிடத்தில் பழகிவிடும்.

முதல் ஒரு மணி நேரம் கரையிலேயே, எர்க் என்கிற இயந்திரத்தில் இழுக்கப் பழக்கினார்கள். அதில் ஒரு சின்னத் திரை இருக்கும், எவ்வளவு பலமாக இழுக்கிறோம் என்று எண் காட்டும். எங்கள் ஜிம் தம்பிதான் முதலிடம். நான் இரண்டாவது. ஆகவே இருவரும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் படகில் ஏறினோம்.

நான்கு பேர் இழுக்கும் படகு, ஆளுக்கு ஒரு துடுப்பு. ஐந்தாவதாக ஒருவர், காக்ஸ்: சுக்கான் பிடித்துக்கொண்டு கட்டளை கொடுப்பவர். காக்ஸ் எடை குறைவாக இருந்தால் நல்லது என்பதால் எங்கள் அக்காவை அங்கே உட்கார வைத்தார்கள். மீட்டிங்கில் வருடத்துக்கு இரண்டு வாக்கியம் பேசுபவர். இழுக்கிற நாங்கள் எல்லோரும் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். முன்னே என்ன வருகிறது என்று தெரிந்த ஒரே ஆள் அக்கா.

ஆலப்புழைக்கார நண்பர் ஒருவர் எங்களோடு உண்டு. 'இதென்ன, திரும்பி உட்கார்ந்து ஓட்டுறது? எங்க சுண்டன் வள்ளத்துல, அதான் பாம்புப் படகுல, நூறு பேரும் முன்னாடி பார்த்துத்தான் துடுப்பு போடுவாங்க' என்று ஆரம்பத்திலேயே சிரித்தார். அவரைப் படகின் மூக்குப் பக்கம், பௌ இருக்கையில் போட்டார்கள். அவருக்கு முன்னால் நான், எனக்கு முன்னால் ஜிம் தம்பி, கடைசியில் அக்காவுக்கு எதிரே மேனேஜர். அந்த இருக்கைக்கு ஸ்ட்ரோக் என்று பெயர். மற்ற மூவரும் அவர் தாளத்தைப் பார்த்துத்தான் இழுக்க வேண்டும் என்று பயிற்சியாளர் சொன்னதும் சார் முகத்தில் ஒரு பிரகாசம். ஆனால் அங்கே உட்கார்ந்தவருக்குப் பின்னால் இருக்கும் எங்களில் யாரையும் பார்க்க முடியாது. அவர் யோசனை சொல்லத் திரும்பும்போதெல்லாம் படகு ஒரு பக்கம் சாய்ந்தது. மோட்டார் படகில் கூடவே வந்த பயிற்சியாளர் மெகாஃபோனில் கெஞ்சினார்: 'சார், தலையைத் திருப்பாதீங்க சார்.' நாலாவது தடவைக்குப் பிறகு சார் திருப்பவில்லை. அரை மணி நேரம் அக்கா சொன்னதை மட்டும் கேட்டார். அலுவலகத்தில் யாரும் பார்த்திராத காட்சி அது.

முதல் விபத்து ஜிம் தம்பிக்கு. முழு பலத்தையும் போட்டு இழுத்ததில் துடுப்பின் அலகு கோணலாகத் தண்ணீருக்குள் இறங்கி அங்கேயே சிக்கிக்கொண்டது. படகு ஓடிக்கொண்டிருக்க, துடுப்பு நிற்க, கைப்பிடி திரும்பி வந்து வயிற்றில் ஒரு குத்து. இதை கிராப், அதாவது நண்டு, என்கிறார்கள். அடியில் இருந்து நண்டு பிடித்து இழுத்த மாதிரி. படகு சாய்ந்து, கரையோர ஆகாயத்தாமரைக்குள் மூக்கை நுழைத்து நின்றது. ஒரு கொக்கு எங்களைப் பார்த்துவிட்டு, பறக்கக்கூட அக்கறையில்லாமல் நான்கடி தள்ளிப் போய் நின்றுகொண்டது.

அதன் பிறகு எல்லோரும் நிதானமாக இழுத்தோம். ஆனாலும் படகு ஓடவில்லை. ஒவ்வொரு இழுப்பிலும் முன்னே போய், உடனே தயங்கியது. அப்போது அக்கா சொன்னார்: 'ஒவ்வொரு தடவையும் யாரோ பிரேக் போடுறாங்க. பஸ்ஸில நிக்கிற மாதிரி முன்னாடி குலுங்குது.'

பின்னாலிருந்து ஆலப்புழைக்காரர் குரல் கொடுத்தார். அந்த இருக்கையிலிருந்து எல்லார் முதுகும் தெரியும். 'இவன்தான்க்கா. எல்லாருக்கும் முன்னாடியே இவன் போய் நின்னுடறான்.'

நான்தான்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ரோயிங் படகில் இருக்கைக்குச் சக்கரம் உண்டு. காலை உதைத்து உடலைப் பின்னே தள்ளித் துடுப்பை இழுப்பது ஒரு பாதி. முழங்காலை மடக்கி இருக்கையோடு உருண்டு, அடுத்த இழுப்புக்குத் தயாராக வருவது மறு பாதி. அதற்கு ரெகவரி என்று பெயர். இந்த மறு பாதியில் துடுப்பு தண்ணீரில் இல்லை, செய்ய வேலையும் இல்லை. அதனால் நான் அதைச் சீக்கிரம் முடித்துவிட்டு, அடுத்த இழுப்புக்கு முதல் ஆளாகத் தயாராகிக்கொண்டிருந்தேன். சுறுசுறுப்பு! ஆனால் வேகமாக உருண்டு வருகிற உடம்பை நிறுத்த, கால் பலகையில் முட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். அந்த முட்டு படகைப் பின்னோக்கித் தள்ளும். பந்தயத்தில் ஓடும் இதே வகைப் படகுக்கு விதிப்படி குறைந்தபட்ச எடை 51 கிலோதான். எங்கள் பயிற்சிப் படகு கொஞ்சம் பருமன் என்றே வைத்துக்கொண்டாலும், நாங்கள் நால்வரும் சேர்ந்தால் 300 கிலோவைத் தாண்டுவோம். படகைவிட ஆட்கள் கனம். நாங்கள் அசைகிற அசைவுதான் படகின் ஓட்டம்.

பயிற்சியாளர் எனக்கென்று தனியாகச் சொன்னது: 'இழுக்க ஒண்ணு, திரும்பி வர ரெண்டு. வரும்போது படகு உங்க அடியில தானா ஓடும். ஓட விடுங்க.' ஒலிம்பிக்கில் 2000 மீட்டர் பந்தயத்தில் நிமிடத்துக்கு 36, 40 தடவை என்று இழுப்பார்கள். எங்களுக்கு அவர் கொடுத்தது 18. அந்தப் பதினெட்டில் சும்மா வருவதுதான் எனக்கு முடியவே இல்லை. கை பரபரக்கிறது. முன்னால் இருந்த தம்பியின் பனியன் கழுத்துப் பட்டியை மட்டும் பார்த்துக்கொண்டு, அது நகர்ந்தால் நகர்வது, நின்றால் நிற்பது என்று வைத்துக்கொண்டேன். ஒரு இருபது இழுப்புக்குப் பிறகு எங்கோ ஓர் இடத்தில் நான்கு துடுப்பும் ஒரே சத்தமாகத் தண்ணீரில் இறங்கின. படகுக்கு அடியில் குமிழிகள் சலசலவென்று ஓடும் ஓசை கேட்டது. ஏழெட்டு இழுப்பு அப்படிப் போயிருக்கும். அப்புறம் சார் 'சூப்பர்!' என்று கத்தினார், எல்லாம் கலைந்தது.

கரையில் இட்லி சாப்பிடும்போது அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். 'தம்பி, ஆபீஸ்லயும் இதேதான் பண்றீங்க' என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் பதினொரு மணிக்குத் தள்ளிவிடும் கோப்புகளில் ஒன்றில் சரக்கின் வகையைக் குறிக்கும் எச்.எஸ். கோடு இருக்காது, இன்னொன்றில் நிகர எடையும் மொத்த எடையும் இடம் மாறியிருக்கும். அவற்றுக்காக அவர் ஏற்றுமதியாளருக்குப் போன் போட்டு, மெயில் போட்டு, மதியம் மூன்று மணி வரை பிரேக்கில் நிற்பார். என் மேஜை காலி. கட்-ஆஃப் நெருக்கடி முழுக்க அவர் தலையில். ஆறு வருடமாக இதை நான் வேகம் என்று நினைத்திருக்கிறேன்.

இப்போது என் கோப்புகள் பன்னிரண்டரைக்குத்தான் நகர்கின்றன. அக்கா போன் போடுவது குறைந்திருக்கிறது, நின்றுவிடவில்லை. மற்றவர்கள் மாறினார்களா என்றால், இல்லை. சார் அடுத்த வார மீட்டிங்கிலேயே பழையபடி எல்லார் பக்கமும் திரும்பித் திரும்பிப் பேசினார், தடுக்கத்தான் மெகாஃபோன் இல்லை. ஜிம் தம்பி வயிற்றுத் தழும்பை ஒரு வாரம் எல்லோருக்கும் காட்டினான்.

துடுப்பு போடுவதைப் பழைய தமிழில் தண்டு வலித்தல் என்பார்கள். அந்த 'வலி'க்கு இன்னொரு பொருளும் உண்டு என்பது ஞாயிற்றுக்கிழமை காலை கட்டிலை விட்டு எழும்போது தெரிந்தது.

நீங்கள் போவதாக இருந்தால் இரண்டு யோசனை. முடிந்ததும் 'என்ன கற்றுக்கொண்டீர்கள்' என்று வெள்ளைப் பலகை வைத்து எழுதச் சொல்ல எச்.ஆரை விடாதீர்கள், எங்களுக்கு அது நடக்காததால்தான் அக்கா என்னிடம் பேசினார். அப்புறம், சாக்ஸ் கட்டாயம். படகில் கால் விடும் ஷூ பலகையோடு திருகப்பட்டிருக்கும், ஊரில் உள்ளவர்கள் எல்லாம் அதில்தான் கால் விட்டிருப்பார்கள்.